விலை பேசித்தான் கொடுப்பேன்

சத்திரசிகிச்சைக்கான சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கத் தாதியான நான் போனபோது அந்த அம்மா மாதாவிடம் கணக்குப் பேசிக்கொண்டிருந்தார். கணவர் பிழைத்து எழும்பினால் ஆயித்தியமலை மாதா கோவில் திருநாளுக்கு வெறுங்காலோடு நடந்து வருவாராம். கழுத்துச் சங்கிலியைச் சதாசகாய அன்னைக்குக் கொடுப்பாராம். கொஞ்சம் யோசித்துவிட்டு, கடைசி மகனைக் குருவாகப் படிக்கக் குருமடத்துக்கு அனுப்புவதையும் பார்க்கலாம் என்றார்.

“பேரம் பேசாதீர்கள் அம்மா, கடவுளிடம் ஒப்புக்கொடுத்துவிடுங்கள்” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். “ஒருமுறை ஒப்புக்கொடுத்தேன் மிஸ்ஸி. 2004 இல், நாவலடியில். சுனாமித் தண்ணீர் வந்தபோது ‘உம்முடைய சித்தம் ஆண்டவரே’ என்றுதான் கத்தினேன். மகளைக் கொண்டுபோய்விட்டார். இந்த முறை விலை பேசித்தான் கொடுப்பேன்.”

கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை விரலால் காட்டினேன். வேறென்ன சொல்ல?

நான் சொன்னது பிழை என்று இப்போதும் நினைக்கவில்லை. நேர்த்தி பலிக்காமல் போனபின் கோவில் வாசலை மிதிக்காதவர்களை இந்த வேலையில் கண்டிருக்கிறேன். சங்கிலிக்கு உயிர் என்று எண்ணிக்கொண்டால், உயிர் போனதும் கடவுள் ஏமாற்றுக்காரர் ஆகிவிடுகிறார். விவிலியத்தில், பெத்தேல் என்ற இடத்தில் யாக்கோபும் உணவும் உடையும் தந்து பத்திரமாகத் திரும்பச் செய்தால் பத்தில் ஒன்று தருவதாக நேர்ந்துகொள்கிறார். ஆனால் போகும் இடமெல்லாம் காப்பேன் என்று முதல்நாள் இரவுக் கனவிலேயே ஆண்டவர் சொல்லிவிட்டார். சும்மா கிடைத்ததற்கு விடிந்தபின் விலை வைக்கிறார் யாக்கோபு. அந்த அம்மாவுக்கு இதை எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

சொல்லியிருந்தால், ஆபிரகாமை என்ன செய்வது? அழியவிருந்த சோதோம் நகரைக் காப்பாற்ற, அங்கே 50 நீதிமான்கள் இருந்தால் என்று தொடங்கி 10 வரைக்கும் இறக்கிக்கொண்டே போனவர் அவர். ஒவ்வொரு முறையும் ஆண்டவர் இணங்கினாரே தவிர, பேரம் பேசாதே என்று ஒருதரமும் அதட்டவில்லை. சிலுவைச் சாவுக்கு முந்தைய இரவு கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவே துன்பக் கிண்ணத்தை அகற்றும்படிதான் முதலில் கேட்டார். தந்தையின் விருப்பம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அந்த அம்மாவை முதற்பாதியைச் சொல்லவிடாமல் நேரே இரண்டாம் பாதிக்கு இழுத்தேனோ?

இன்னொன்றும் உறுத்துகிறது. சத்திரசிகிச்சை பற்றி அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பத்திரத்தை வாசிக்காமலே கையெழுத்திட்டார். அதைச் சரணடைதல் என்று சொல்ல எனக்கு மனம் வராது. முன்பின் தெரியாத கடையில் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு வருகிறோம். வாடிக்கையாக மீன் தரும் ஆளிடம்தான் மல்லுக்கு நிற்கிறோம்.

ஒப்புக்கொடுத்துவிட்ட உறவினர் கதவைத் தட்டமாட்டார், நிமிடத்துக்கொரு கேள்வி கேட்கமாட்டார். கடமையில் இருப்பவர்களுக்கு எவ்வளவு வசதி! என் அறிவுரையில் அந்த வசதியும் கலந்திருந்ததா? அவர் யாருக்கும் தொந்தரவு தரவில்லையே, ஆகவே அந்தப் பழி என்மேல் நிற்காது என்றும் படுகிறது.

கணவர் பிழைத்தார். திருநாள் முடிந்த கையோடு, கொப்புளம் உடைந்த பாதங்களுக்கு மருந்து கட்டிக்கொள்ள அந்த அம்மா வந்தார். குதிகால் வெடிப்பில் சிக்கியிருந்த பொடிக்கற்களைச் சாமணத்தால் எடுத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன். சங்கிலி கழுத்திலேயே கிடந்தது. “அது வருகிற வருடம், மிஸ்ஸி. மாதாவுக்கு என் நிலைமை தெரியும்” என்றார், நான் கேட்காமலே.

கடவுளிடமே கடன் சொல்லும் இந்த உரிமையைவிடப் பெரிய சரணாகதி உண்டா என்கிறார் என் அக்கா. அப்படி அழகுபடுத்திப் பார்க்க நான் தயாரில்லை. அன்றைக்குக் கணவர் இறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒப்புக்கொடுங்கள் அம்மா என்றுதான் சொல்லியிருப்பேன். பிழைத்தாலும் இறந்தாலும் ஒன்றுபோலப் பொருந்துவதால்தான் அந்த அறிவுரையை நம்புகிறேன். அதனாலேயே அதன்மேல் சந்தேகமும் வருகிறது.