குறைந்தவர்கள் எங்கே போனார்கள்?

தமிழ்நாட்டில் இலங்கை அகதிகளுக்கான எங்கள் முகாமில் செக்கிங் நாளன்று யாரும் கூலி வேலைக்குப் போக மாட்டார்கள். பெயிண்ட் அடிக்கப் போகிறவர்கள்கூட அன்று வீட்டில்தான். குடும்ப அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வேப்ப மரத்தடியில் வரிசையில் நிற்போம். வருவாய் ஆய்வாளர் பதிவேட்டைப் பார்த்துப் பெயரைப் படிப்பார். பெயருக்குரியவர் முன்னால் போய் முகத்தைக் காட்ட வேண்டும். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் அம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாவது போக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி சொன்னால் செல்லாது. வராதவருக்கு அந்த மாதப் பணக்கொடை கிடையாது. தொடர்ந்து வராவிட்டால், அம்மம்மா சொல்லிவந்ததுபோல், "பதிவை வெட்டிப்போடுவாங்கள்."

உலகத்தில் அகதிகள் இத்தனை பேர் என்று ஒரு எண் செய்தியில் வரும்போதெல்லாம் எனக்கு அந்த வேப்ப மரம்தான் ஞாபகம் வரும். அந்த எண்ணில் ஒரு பங்கு அந்த வரிசையில் எண்ணியது.

நான் 1993-ல் அதே முகாமில் பிறந்தேன். அப்பா, அம்மா, அம்மம்மா, இரண்டு வயது அண்ணா நாலு பேரும் மன்னார்த் தீவின் பேசாலையிலிருந்து படகேறியது 1990 ஆகஸ்ட்டில். அந்த ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. இலங்கையை நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டவணையில் 'எந்த நாட்டிலிருந்து' என்ற கட்டத்தில் எனக்கும் இலங்கைதான். 1987 ஜூலை 1-க்கு முன்பு இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே இந்தியக் குடியுரிமை. அதற்குப் பிறகு என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ஆறு வருட வித்தியாசத்தில் நான் அகதிகளின் கணக்கில் ஏறினேன். கடல் தாண்டாமலே ஒருவர் அகதி எண்ணிக்கையில் சேர முடியும் என்பதை முதலில் என்னை வைத்துத்தான் புரிந்துகொண்டேன்.

கணக்கு எழுதுவது என் பிழைப்பு. நான்கு வருடமாக, வேலை முடிந்த பிறகு, ஒரு எக்செல் கோப்பு வளர்த்து வருகிறேன். இலங்கையிலிருந்து போன அகதிகள், புகலிடக் கோரிக்கையாளர்கள், ஆண்டுவாரியாக, நாடுவாரியாக. ஐ.நா. ஆணையத்தின் தரவுகளும் இந்திய அரசின் ஆண்டறிக்கைகளும் தமிழக அரசு சட்டமன்றத்தில் சொன்ன எண்களும் அதில் இருக்கின்றன. ஆரம்பித்தது ஒரு கட்டுரையைப் படித்த கோபத்தில். 2009-ல் போர் முடிந்ததும் இலங்கை அகதிகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது, ஆகவே மக்கள் ஊர் திரும்புகிறார்கள் என்று அதில் எழுதியிருந்தார்கள். எண்ணிக்கை குறைந்தது, அது உண்மை. 2010-ல் உலகம் முழுக்க ஏறத்தாழ 1,40,000 இலங்கை அகதிகள். அதில் பாதிப் பேர் இந்தியாவில். அதற்கடுத்த சில ஆண்டுகளில் கோடு மெல்ல இறங்குகிறது. ஆனால் 'ஆகவே' என்ற சொல்லை எழுத அவர்களுக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

எந்தப் பேரேட்டிலும் ஆரம்ப இருப்பு, வரவு, பற்று, இறுதி இருப்பு என்று நாலும் இருக்கும். செய்தியில் வரும் அகதி எண்ணிக்கை டிசம்பர் 31-ன் இறுதி இருப்பு மட்டுமே. இருப்பு குறைந்தால் சரக்கு விற்றதா, கெட்டுப்போனதா, வேறு கிடங்குக்குப் போனதா என்று கேட்காமல் எந்தக் கணக்கரும் கையெழுத்துப் போட மாட்டார். மனிதர்கள் விஷயத்தில் மட்டும் அந்தக் கேள்வி இல்லாமலே கையெழுத்து விழுகிறது. ஊர் திரும்பியவர்கள், குடியுரிமை பெற்றவர்கள் என்று ஆணையத்திடம் தனி அட்டவணைகள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் குடியுரிமை எண்ணிக்கையை எல்லா நாடுகளும் கொடுப்பதில்லை. அந்த அட்டவணைகளைத் தேடிப் படிப்பவர்களும் குறைவு.

இந்தியாவின் கணக்கையே பார்ப்போம். எனக்கு ரொம்ப நாள் தூக்கம் கெடுத்தது இதுதான்.

1983 ஜூலையிலிருந்து 1987 வரை தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் 1,34,053 பேர். இரண்டாவது அலையில், அதாவது என் குடும்பம் வந்த அலையில், ஏறத்தாழ 1,22,000. அப்புறம் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு அலை, 2006-க்குப் பிறகு ஒரு அலை. நாலையும் சேர்த்து 3,04,269 என்பது அரசுக் கணக்கு. 1995 மார்ச் வரை அரசு ஏற்பாட்டில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 99,469. அதற்குப் பிறகு அப்படி மொத்தமாக அனுப்பும் ஏற்பாடு நடக்கவில்லை. 2021 ஆகஸ்ட்டில் தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் சொன்ன கணக்கில், 108 முகாம்களில் 58,822 பேர். முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வாழ்பவர்கள் 34,087 பேர். மொத்தம் 92,909.

இப்போது கழித்துப் பாருங்கள். 3,04,269-ல் 99,469 போனால் 2,04,800. அதில் 92,909 போனால் 1,11,891.

ஒரு லட்சத்துப் பதினோராயிரத்துச் சொச்சம் பேர் எங்கே? உண்மையில் இடைவெளி இன்னும் பெரிது, ஏனென்றால் 92,909-க்குள் என்னைப் போல இங்கேயே பிறந்தவர்களும் இருக்கிறோம். நாங்கள் வந்தவர்கள் கணக்கில் இல்லை, இருப்பவர்கள் கணக்கில் இருக்கிறோம். விடையின் சில துண்டுகள் தெரியும். சிலர் சொந்தச் செலவில் திரும்பினார்கள், சமாதான காலத்தில் கள்ளப் படகிலேயே திரும்பியவர்களும் உண்டு. நிறையப் பேர் ஏஜென்சிக்குப் பணம் கட்டி ஐரோப்பா, கனடா என்று போனார்கள். முப்பது, நாற்பது வருடத்தில் இயல்பாக இறந்தவர்களே எத்தனை பேர்!

இன்னொரு துண்டைப் பெரிய மாமியிடமிருந்து கண்டுபிடித்தேன். மாமியும் 1990-ல்தான் வந்தார். ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு நிலைமை மாறி, 1992-ல் திருப்பி அனுப்புவது தொடங்கியது. விருப்பப்பட்டுத்தான் போகிறார்களா என்று பார்க்க ஐ.நா. ஆணையம் அந்த ஆண்டு சென்னையில் அலுவலகம் திறந்தது. மாமி 1993-ல் கப்பலேறினார். 2006-ல் சண்டை மூண்டபோது மறுபடி படகில் வந்து தனுஷ்கோடிப் பக்கம் மணல் திட்டில் இறங்கினார். இந்தக் கணக்கை நான் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தபோது மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகை அப்படியே நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"அப்ப என்னை ரெண்டு தரம் எண்ணியிருக்கினமோ?"

ஆமாம் மாமி. 3,04,269 என்பது தலைகளின் எண்ணிக்கை இல்லை, வருகைகளின் எண்ணிக்கை. உங்களுக்கு அதில் இரண்டு இடம். 99,469-ல் ஒரு இடம். 58,822-ல் ஒரு இடம். எத்தனை மாமிகள் இப்படி இருக்கிறார்கள் என்பதைக் கோப்பில் எழுத என்னிடம் வழியில்லை. அந்தக் கட்டத்தை மஞ்சள் நிறம் அடித்து வைத்திருக்கிறேன்.

சித்தப்பா கதை வேறு மாதிரி. 1995-ல் டொராண்டோ போய்ச் சேர்ந்து அசைலம் அடித்தார், அதாவது புகலிடம் கேட்டு விண்ணப்பித்தார். 1997-ல் அகதி அந்தஸ்து கிடைத்தது, 2003-ல் கனடாக் குடியுரிமை. அன்றோடு சட்டப்படி அவர் அகதி இல்லை. குடியுரிமை வாங்காமல் இருந்திருந்தாலும் எண்ணிக்கையில் ஒன்று குறைந்திருக்கும். அகதிப் பதிவேடு இல்லாத பல வளர்ந்த நாடுகளுக்கு, கடந்த பத்து ஆண்டுகளில் எத்தனை பேருக்கு அந்தஸ்து கொடுத்தார்கள் என்பதைக் கூட்டித்தான் ஆணையம் மதிப்பிடுகிறது. பதினோராம் ஆண்டில் ஆள் தானாகவே கணக்கிலிருந்து வெளியேறிவிடுவார். இந்த முறையில் தவறு இருப்பதாக நான் சொல்லவில்லை. பத்து ஆண்டுக்குள் பெரும்பாலோருக்குக் குடியுரிமை கிடைத்துவிடும் என்ற அனுமானம் அந்த நாடுகளுக்குப் பொருந்தக்கூடியதுதான். ஆனால் சித்தப்பா குறைந்ததற்கும் பேசாலையில் ஒரு வீட்டுக் கதவு திறந்ததற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்த வீட்டுக்குக் கதவே இல்லை இப்போது.

அந்த எண்ணிக்கையில் இந்திய வரிசையையும் கனடா வரிசையையும் அடுத்தடுத்து வைத்துக் கூட்டுவதே எனக்கு உறுத்தலாக இருக்கிறது. இங்கே ஒரு தலைமுறை கடந்தும் ஒருவர் எண்ணப்படுகிறார், ஏனென்றால் வெளியேறும் வாசல் இல்லை. இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. அங்கே வாசல் இருப்பதால் எண் சீக்கிரம் இறங்குகிறது. ஒரே போர், ஒரே குடும்பம், இரண்டு விதமான கோடு.

புகலிடக் கோரிக்கையாளர் என்ற வரிசை இன்னும் வழுக்கலானது. விண்ணப்பம் போட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர்கள் மட்டுமே அதில் வருவார்கள். மன்னாரிலேயே இருந்துவிட்ட சின்ன மாமியின் மகன் 2012-ல் ஆஸ்திரேலியாவுக்குப் படகேறினான். அந்த ஆண்டு இலங்கையிலிருந்து அங்கே படகில் போனவர்கள் 6,000-க்கும் மேல். போர் முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது என்பதைக் கவனியுங்கள். 2010 ஜூலையில் ஐ.நா. ஆணையம் தன் வழிகாட்டுதலை மாற்றி, வடக்கிலிருந்து வரும் தமிழர் என்பதற்காக மட்டும் ஒட்டுமொத்தப் பாதுகாப்பு தேவையில்லை, ஒவ்வொருவர் கதையையும் தனித்தனியாக ஆராயுங்கள் என்று சொல்லியிருந்தது. அவன் கேஸ் ரிஜெக்ட் ஆனது, மேல்முறையீடும் போனது. இன்றும் மெல்போர்னில் பிரிட்ஜிங் விசா என்ற தற்காலிக அனுமதியில் கிடக்கிறான். முடிவு வந்துவிட்டதால் கோரிக்கையாளர் வரிசையில் இல்லை. அந்தஸ்து கிடைக்காததால் அகதி வரிசையிலும் இல்லை. தாயோடு தினமும் வாட்சப்பில் பேசுகிற ஒரு பிள்ளை, எந்த அட்டவணையிலும் இல்லை.

2009 வரிசையைத் திறக்கும்போதெல்லாம் கொஞ்ச நேரம் கையை மவுஸிலிருந்து எடுத்துவிடுவேன். அந்த ஆண்டு அகதிக் கோடு சற்றே ஏறுகிறது, அவ்வளவுதான். அந்த மே மாத முடிவுக்குள் 2,80,000-க்கும் மேற்பட்ட மக்கள் போரின் கடைசிக் களமான வன்னியிலிருந்து வெளியே வந்து, மெனிக் ஃபார்ம் போன்ற முகாம்களில் முள்வேலிக்குள் இருந்தார்கள். எல்லை தாண்டாததால் அவர்கள் உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர். அதற்கு வேறு அட்டவணை. எல்லை தாண்டுவதற்குக் கரையோ படகோ அவர்களுக்கு இல்லை. அகதிக் கோட்டை மட்டும் பார்க்கிற ஒருவருக்கு, இலங்கை வரலாற்றின் மிகக் கொடிய மாதங்கள் ஒரு சின்ன மேடாகத்தான் தெரியும். இதனால்தான் என் கோப்பில் இரண்டு அட்டவணையையும் ஒரே தாளில் வைத்திருக்கிறேன்.

2022 மார்ச் 22 அன்று தனுஷ்கோடியில் 16 பேர் இறங்கினார்கள். முதலில் ஆறு பேர், இரவில் பத்துப் பேர். இந்த முறை துரத்தியது குண்டு இல்லை, பொருளாதார நெருக்கடி: பால் மா கிடைக்கவில்லை, அரிசி விலை தாங்கவில்லை. அடுத்தடுத்து சில நூறு பேர் வந்தார்கள். மண்டபம் முகாமில் தங்க வைத்தார்கள், ஆனால் அகதிப் பதிவு உடனே கிடைக்கவில்லை. பசிக்கு வந்தவரை எந்த வரிசையில் எழுதுவது? எந்த வரிசையில் எழுதினாலும் அவர்கள் வந்த கடல் அதே முப்பது கிலோமீட்டர்க் கடல்தான் என்று அம்மா சொன்னார்.

எங்கள் முகாமின் பெயர்ப் பலகையும் 2021-ல் மாறியது. இப்போது 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்'. அகதி என்ற சொல் பலகையிலிருந்து போனதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். பள்ளியில் அந்தச் சொல்லால் கூப்பிடப்பட்டவர்களுக்கு அது தெரியும். எண்ணிக்கையில் எதுவும் மாறவில்லை.

போன மாதம் முகாமுக்குப் போனபோது எங்கள் குடும்ப அட்டையைக் கையில் வாங்கி நிதானமாகப் பார்த்தேன். மடிப்புகள் கிழிந்து, பின்பக்கம் செலோடேப் ஒட்டியிருக்கிறது. முதல் நாலு பெயர்களும் 1990-ல் எழுதிய நீல மை. அடுத்தது நான், வேறு கையெழுத்தில். அம்மம்மா பெயரின் மேல் சிவப்பு மையில் கோடு, ஓரத்தில் 'இறப்பு' என்றும் தேதியும். என் பெயர் மேல் இன்னும் கோடு இல்லை. செக்கிங்குக்கு நான் சென்னையிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுகிறேன். அப்பா பெயர் மேல் கோடு, தேதி. அண்ணி பெயர் கீழே சேர்ந்திருக்கிறது: 'வேறு முகாமிலிருந்து மாற்றம்'.

யார் சேர்ந்தார், யார் போனார், ஏன், எப்போது. என் எக்செல் கோப்பில் நாலு வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த நாலு கட்டங்களும் அந்தக் கிழிந்த அட்டையில் இருந்தன. ஊருக்குத் திரும்பியது என்ற காரணம் மட்டும் எங்கள் அட்டையில் ஒரு இடத்திலும் இல்லை.

அன்று இரவே கோப்பில் ஒவ்வொரு ஆண்டுக்கும் 'காரணம்' என்று ஒரு பத்தி சேர்த்தேன். பெரும்பாலும் காலி. தெரிந்ததை மட்டும் நிரப்புகிறேன். உங்கள் குடும்பத்தில் யாராவது எந்த ஆண்டு எந்த வரிசையில் ஏறினார்கள், எப்படி இறங்கினார்கள் என்று எழுதி அனுப்பினால், பெயர் இல்லாமல் சேர்த்துக்கொள்வேன்.

அண்ணாவுக்குப் பெண் குழந்தை பிறந்து ஐம்பது நாள் ஆகிறது. அடுத்த செக்கிங்குக்குப் பிறப்புச் சான்றிதழோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். அட்டையில் கீழே ஒரு வரி இடம்தான் மிச்சம். அம்மா அதில் பென்சிலால் மெல்லப் பேரை எழுதி வைத்திருக்கிறார், வருவாய் ஆய்வாளர் எழுத்துப் பிழை விட்டுவிடக் கூடாது என்று.