ஹப் மோட்டார் சைக்கிள்ல தினமும் 22 கிலோமீட்டர்: பங்குனியில இருந்து மார்கழி வரைக்கும் மாத்துனதெல்லாம்

கோயம்புத்தூர்ல, குனியமுத்தூர்ல இருந்து லட்சுமி மில்ஸ் பக்கம் வேலைக்குப் போறதுக்கு எனக்கு ஒரு வழி 11 கிலோமீட்டர் வருதுங்க. வீட்ல சும்மா நின்னுட்டு இருந்த 26 இஞ்ச் சைக்கிளுக்கு 36 வோல்ட் 250 வாட் ஹப் மோட்டார் (சக்கரத்தோட நடுவுலயே உக்கார்ற மோட்டார்) கிட் வாங்கி பின் சக்கரத்துல போட்டேன், பங்குனியில ஆரம்பிச்சது, இப்ப மார்கழி. ஓடுனது 4,500 கிலோமீட்டரைத் தாண்டிருச்சு. இதே மாதிரி கிட் மாட்டிட்டு வழியில நின்னு நின்னு அவஸ்தைப்படறவங்க நிறைய பேரைப் பார்க்கறேன், அவங்களுக்கு ஆகும்னுதான் எழுதறேன்.

முதல் மாசம் கேரியர்ல மூணு லெட் ஆசிட் பேட்டரி, ஒவ்வொண்ணும் 12 வோல்ட் 12 ஆம்பியர் ஹவர், மூணும் சேர்த்து 12 கிலோவுக்கு மேல. காலையில 33 நிமிஷத்துல போயிருவேன், சாயங்காலம் வர்றதுக்கு 45 ஆகும், சில நாள் 55 கூட. டைரியில கிளம்புன நேரம், சேர்ந்த நேரம்னு தினமும் குறிச்சு வச்சிருந்தேன். பார்த்தவங்க எல்லாம் "48 வோல்ட் போட்டுருங்க, 40ல பறக்கும்"னு சொன்னாங்க. நான் போடல. 250 வாட்டுக்குள்ள, 25 கிலோமீட்டர் வேகத்துக்குள்ள இருக்கற வரைக்கும் லைசென்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் எதுவும் வேண்டாம், அதைத் தாண்டினா அது மோட்டார் வண்டி. அதை விட்டாலும் இந்த ஃபிரேமும் இந்த பிரேக்கும் 40ல போறதுக்குச் செஞ்சதே இல்ல. கணக்குப் போட்டுப் பார்த்தா 11 கிலோமீட்டரை 25லயே விடாம போனா 27 நிமிஷம்கூட ஆகாது. எனக்கு ஆனது 45. அப்ப நேரம் போறது டாப் ஸ்பீடுல இல்ல, அந்த 25ஐ கடைசி வரைக்கும் பிடிச்சு நிறுத்த முடியாததுல போகுது, அப்புறம் ரிப்பேர்ல போகுது. இது ரெண்டை மட்டும்தான் இத்தனை மாசமா துரத்திட்டு இருக்கேன்.

பேட்டரியில ஆரம்பிச்சேன். ஹப் மோட்டார் சுத்தற வேகம் அதுக்குக் கிடைக்கற வோல்ட்டேஜைப் பொறுத்தது. லைன்ல ஒரு வாட் மீட்டர் போட்டுப் பார்த்தேன், நிக்கும்போது 37 வோல்ட் காட்டுது, ஏத்தத்துல 14 ஆம்பியர் இழுக்கும்போது 32க்கு வந்துருது, சாயங்காலம் பாதி சார்ஜ்ல இன்னும் கீழ. லெட் ஆசிட்ல வேகமா இழுக்க இழுக்க எழுதியிருக்கற 12 ஆம்பியர் ஹவரும் முழுசா வராது. அதனால லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு மாறுனேன், 32700ங்கற சைஸ் உருளை செல் 24, ரெண்டு ரெண்டா பக்கத்துல பக்கத்துல சேர்த்து (பேரலல்) அந்த ஜோடி 12ஐ வரிசையா (சீரிஸ்) கோத்தது, மொத்தம் 38.4 வோல்ட் 12 ஆம்பியர் ஹவர். எடை செல்லு மட்டும் மூணரை கிலோ. சாதா லித்தியம் அயான் பேக் இன்னும் லேசா கிடைக்கும்தான், ஆனா சித்திரை வெயில்ல ஷெட்டு கூட இல்லாத பார்க்கிங்ல நாள் பூரா நிக்கற வண்டிக்கு எனக்கு பாஸ்பேட் செல்தான் நிம்மதி. இதுல ஒண்ணு கவனிக்கணும், முழு சார்ஜ்ல 43.8 வோல்ட் வரும், மோட்டாருக்குப் போற கரன்ட்டைக் கட்டுப்படுத்தற கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்து உள்ள இருக்கற கெப்பாசிட்டர் 63 வோல்ட் தாங்கறதுதானான்னு பார்த்துட்டுதான் மாட்டுனேன். சார்ஜரும் அதுக்குன்னே தனியா வாங்கணும், பழைய சார்ஜர் ஆகாது. மாத்துன மறுநாளே சாயங்காலம் 38 நிமிஷம்.

அடுத்தது ஆக்சில், அதிகமா பாடுபட்டது இதுலதான். வைகாசியில ஒரு நாள் உக்கடம் சிக்னல்ல பச்சை விழுந்ததும் திராட்டில் முழுசா திருப்புனேன், டக்குனு ஒரு சத்தம், அவ்வளவுதான் வண்டி நின்னுருச்சு. பின்னாடி குனிஞ்சு பார்த்தா நட்டு லூசாகி, ஆக்சில் காடிக்குள்ளயே (ஃபிரேம்ல ஆக்சில் உக்கார்ற வெட்டு) சுத்தியிருக்கு. ஆக்சிலோட தட்டைப் பக்கம் ரெண்டோட முனையும் மழுங்கி பளபளன்னு இருந்துச்சு, காடியோட வாய் லேசா விரிஞ்சிருந்துச்சு, ஆக்சில் நடுவுல இருந்து வர்ற ஒயரு கயிறு மாதிரி முறுக்கிட்டு ரப்பர் உறை கிழிஞ்சு உள்ள பச்சை ஒயரோட செம்பு தெரியுது. மோட்டார் சக்கரத்தை முன்னாடி தள்ளும்போது அதே அளவுக்கு ஆக்சிலைப் பின்னாடி முறுக்கும். அந்த முறுக்கு 40 நியூட்டன் மீட்டர்னு வச்சுக்கிட்டா, 12 மில்லிமீட்டர் ஆக்சிலோட முனையில அது 300 கிலோவுக்கு மேல வர்ற அழுத்தம், அதை ரெண்டு நட்டு மட்டும் தாங்காது.

கணபதியில தெரிஞ்ச லேத் அண்ணன்கிட்ட சக்கரத்தையே கழட்டி எடுத்துட்டுப் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "தம்பி, இத இப்படியே ஓட்டுனீங்கன்னா ஃபோர்க்கே பொளந்துரும்ங்க, ஒரு கை வச்சு கட்டிரலாம்"னாரு. 6 மில்லிமீட்டர் எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) பட்டையில 10 மில்லிமீட்டர் ஓட்டையை ஃபைல் போட்டுப் போட்டு, ஆக்சில் தட்டித்தான் உள்ள போகணும்ங்கற அளவுக்கு டைட்டா எடுத்துக் கொடுத்தாரு. பட்டையோட இன்னொரு முனை 10 சென்டிமீட்டர் தள்ளி ஃபிரேம்ல கிளாம்ப். அந்த தூரத்துல அதே முறுக்கு 40 கிலோதான். ரெண்டு பக்கமும் போட்டேன். ஒயரு மாத்தி, சக்கரம் கோட்டம் எடுத்து மாட்ட ஒரு வாரம், அந்த வாரம் பூரா டவுன் பஸ். அதுக்கப்புறம் ஆக்சில் அரை மில்லிமீட்டர் கூட அசையல, பெயின்ட்ல கோடு போட்டு வச்சிருக்கேன், வாரா வாரம் பார்க்கறேன்.

ஆனி கடைசியில சீட்டுக்கு அடியில பிளாஸ்டிக் கருகுற வாசம் வந்துச்சு. பிரிச்சுப் பார்த்தா கிட்டோட வந்த புல்லட் கனெக்டர் உருகி ஒயரோட ஒட்டிக்கிட்டு, உள்ள பித்தளை கறுத்துக் கிடக்கு. லூசா இருக்கற ஜாயின்ட்ல 0.05 ஓம் இருந்தா போதும், 14 ஆம்பியர்ல கிட்டத்தட்ட 10 வாட் சூடு, ஒரு வெரல் நுனி அளவு இடத்துல. எல்லாத்தையும் வெட்டிப் போட்டு அதிக கரன்ட் தாங்கற எக்ஸ்டி60 கனெக்டர் வச்சு சால்டர் பண்ணி, மேல ஹீட் ஷ்ரிங்க் (சூடு பண்ணுனா சுருங்கி ஒட்டிக்கற குழாய்) போட்டேன். இது மொத்தமே சில நூறு ரூபாய் வேலை, கிட் வாங்கின அன்னிக்கே எல்லாரும் செஞ்சுரணும், அவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

அப்புறம் ஆடிக்காத்து. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது நேரா மூஞ்சியிலதான் அடிக்கும். காத்தில்லாம 25ல போறப்ப காத்தைத் தள்ள மட்டும் 115 வாட் ஆகும்னா, எதிர்க்காத்து 15 கிலோமீட்டர் அடிச்சா அது 300 வாட்டைத் தொடும். 250 வாட் மோட்டார்ல இது ஆகாது, காலும் சேரணும். ஆனா கிட் மாட்டுன சைக்கிள்ல பெடல் பண்றது வெறும் சுத்தலா இருந்துச்சு, ஏன்னா முன்னாடி 44 பல்லு, பின்னாடி ஃப்ரீவீல் 18 பல்லு, 25ல போக நிமிஷத்துக்கு 82 சுத்து மிதிக்கணும். 16 பல்லு ஃப்ரீவீல் போட்டதும் 73க்கு வந்துருச்சு, இப்ப கால் அழுத்தம் செயின்ல ஏறுறது தெரியுது. ஹேண்டில்பாரையும் கொஞ்சம் இறக்கி குனிஞ்சு ஓட்டுறேன். ஆடியிலயே 36 நிமிஷத்துக்கு மேல போகல.

ஐப்பசி மழைக்கு முன்னாடி கன்ட்ரோலர் பெட்டியைத் தலைகீழா, ஒயரு எல்லாம் கீழ்ப்பக்கமா வர்ற மாதிரி திருப்பி மாட்டி, ஒவ்வொரு ஒயரையும் ஒரு வளைவு கீழ தொங்கவிட்டு மேல ஏத்துனேன், தண்ணி அந்த வளைவுலயே சொட்டிரும். பிரேக் கட்டையும் மாத்துனேன், ஸ்டீல் ரிம் நனைஞ்சா பழைய கட்டை பிடிக்கவே இல்ல. பிரேக் லிவர்ல இருக்கற, பிரேக் பிடிச்சதும் மோட்டாரை நிறுத்தற கட் ஆஃப் சுவிட்சை சில பேர் தொல்லைன்னு கழட்டிர்றாங்க, தயவுசெஞ்சு கழட்டாதீங்க, ஈர ரோட்ல மோட்டாரும் பிரேக்கும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டக் கூடாது.

போன ரெண்டு மாச டைரியில போறதும் வர்றதும் 31ல இருந்து 34 நிமிஷத்துக்குள்ள, ஒரே ஒரு பஞ்சர், வேற எதுக்கும் வண்டி நிக்கல. மோட்டார் பக்கம் ரெண்டு போக்ஸ் கம்பி மட்டும் தளர்ந்து தட்டுனா டொக்குனு சத்தம் வருது, மத்ததெல்லாம் கிண்ணுனு இருக்கு. ஞாயித்துக்கிழமை அதை இறுக்கி கோட்டம் பார்க்கணும், அப்படியே பின் டயரையும் மாத்திரலாம்னு வாங்கி வச்சிருக்கேன்.