தாஷியைத் தேடி: ஜப்பானில் எங்கள் சாப்பாட்டுப் பயணங்கள்

ஜப்பானுக்குக் குடிவரும் சைவக்காரர்கள் முதலில் கறியையும் மீனையும் நினைத்துத்தான் கவலைப்படுகிறார்கள். அவை கண்ணுக்குத் தெரியும், ஒதுக்கிவிடலாம். கண்ணுக்குத் தெரியாமல் எங்கும் இருப்பது தாஷி. புகையிட்டுக் காயவைத்த சூரை மீனை மெல்லிசாகச் சீவி, வெந்நீரில் போட்டு வடித்தெடுக்கும் சாறு அது. அந்த மீனுக்கு இங்கே கட்சுவோபுஷி என்று பெயர். மிசோ என்ற புளித்த சோயா விழுதில் செய்யும் சூப், உடோன், சோபா என்ற நூடுல்ஸ் வகைகள், முட்டைச் சுருள், ஏன், கீரையும் கத்தரிக்காயும் மட்டும் இருப்பதாகத் தெரியும் கிண்ணத்தில்கூடத் தாஷி ஊறியிருக்கும். அதைப் புரிந்துகொண்டால் இந்த நாட்டுச் சமையலில் பாதி புரிந்துவிடும் என்பது என் திடமான எண்ணம். எங்கள் குடும்பம் ஜப்பானுக்குள் போன பயணங்களில் முக்கியமானவை எல்லாம் அதைத் தேடிப் போனவைதான்.

எங்கள் வீட்டில் மூன்று விதச் சாப்பாடு. நான் தூத்துக்குடிக்காரி, மீனோடு வளர்ந்தவள். கணவர் திருநெல்வேலி, சுத்த சைவம், முட்டையும் கிடையாது. மகள் இங்கேயே பள்ளிக்கூடம் சேர்ந்தவள். டோக்கியோவில் எதொகாவா வட்டத்தில், நிஷிகசாய் பக்கம் குடியிருக்கிறோம். கணினிகளின் 2000-ஆம் ஆண்டுச் சிக்கலைச் சரிசெய்ய வந்த இந்தியப் பொறியாளர்கள் இந்தப் பகுதியில் தங்கத் தொடங்கினார்கள், அப்புறம் குடும்பங்கள் வந்தன. தோசாய் ரயில் நேராக அலுவலகங்கள் இருக்கும் நிஹோன்பாஷிக்கும் ஓதெமாச்சிக்கும் போகும் என்பது ஒரு காரணம். யூஆர் என்ற அரசு சார்ந்த நிறுவனத்தின் வாடகைக் குடியிருப்புகள் இன்னொரு காரணம். அங்கே ஜாமீன்தாரர் வேண்டாம், ரெய்கின் என்று வீட்டுக்காரருக்குக் கொடுத்துத் திரும்ப வராத பணமும் வேண்டாம். புதிதாக வந்த வெளிநாட்டுக்காரருக்கு இவை இரண்டும் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். உளுந்து, புளி, பெருங்காயம் எல்லாம் பக்கத்துக் கடைகளிலேயே கிடைக்கின்றன. அதனால் வீட்டுக்குள் நம் சமையலுக்குக் குறை வரவில்லை. வாசலைத் தாண்டும்போதுதான் கேள்விகள் தொடங்கின.

எனக்கு முதலில் விடை சொல்லித் தந்தது மகளின் பள்ளி. ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவு வகுப்பறையிலேயே நடக்கும். பிள்ளைகள் முறைவைத்து வெள்ளை மேலங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு, பெரிய பாத்திரங்களைத் தூக்கிவந்து, தாங்களே பரிமாறுவார்கள். மாதத் தொடக்கத்தில் ஒரு பட்டியல் வீட்டுக்கு வரும். ஒவ்வொரு நாளும் என்ன பதார்த்தம், அதில் என்னென்ன சேர்கிறது என்று சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று பிரிவாக இருக்கும். உடலை வளர்ப்பது சிவப்பு, தெம்பு கொடுப்பது மஞ்சள், உடம்பைச் சீராக வைப்பது பச்சை. மகள் மீனும் முட்டையும் சாப்பிடட்டும், இறைச்சி மட்டும் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தோம். பள்ளியின் ஊட்டச்சத்து ஆசிரியை என்னை உட்காரவைத்து, பட்டியலில் இறைச்சி வரும் நாட்களையெல்லாம் பேனாவால் வட்டமிட்டுக் கொடுத்தார். அந்த நாட்களில் வீட்டிலிருந்து பெந்தோ, அதாவது டப்பாச் சாப்பாடு, கொடுத்துவிடலாம் என்றார். மாதாமாதம் அந்தத் தாளை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் நான் ஜப்பானிய மொழியில் காய்கறிகளையும் பருப்புகளையும் வாசிக்கக் கற்றேன். ஏறக்குறைய எல்லா நாளும் அதில் கட்சுவோ இருப்பதையும் அப்போதுதான் பார்த்தேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கடையில் “இறைச்சி வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் மீன் சாறு வந்துவிடும். “கட்சுவோ தாஷி ஹாயித்தெ இமாஸ் கா”, அதாவது கட்சுவோ சாறு சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். கேட்ட உடனே சமையல்காரரின் முகம் மாறும், அக்கறையோடு யோசிக்கத் தொடங்குவார். எங்கள் தெருமுனை சோபா கடைக்கார அம்மா, என் கணவருக்காகத் தொட்டுக்கொள்ளும் சாற்றை விலக்கிவிட்டு, குளிர்ந்த சோபாவுடன் சோயா சாஸும் துருவிய முள்ளங்கியும் கொண்டுவந்து வைப்பார். முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடுவார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

கட்சுவோபுஷி செய்யும் ஊரைப் பார்த்தே ஆகவேண்டும் என்ற ஆசை எனக்குத்தான். அதற்குக் காரணம் மாசி. மாலத்தீவில் சூரை மீனை அவித்து, புகையிட்டு, வெயிலில் காயவைத்து எடுப்பது. தூத்துக்குடியிலிருந்து காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குத் தோணிகள் போகும். அந்தக் கடல்வழித் தொடர்பால் மாசி எங்கள் பக்கத்தில் வீட்டுப் பண்டம். காயல்பட்டினம், கீழக்கரை வீடுகளிலும் இலங்கையிலும் அது இல்லாமல் சம்பல் இல்லை. என் ஆச்சி மாசியை உரலில் இடித்து, வெங்காயமும் மிளகாயும் தேங்காயும் சேர்த்துப் பிசைவாள். டோக்கியோ கடையில் கட்சுவோபுஷிப் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தபோது எனக்கு ஆச்சியின் அடுக்களைதான் நினைவுக்கு வந்தது. ஒரே மீன், ஏறக்குறைய ஒரே முறை, இரண்டு கடல்கள்.

ஜப்பானில் கட்சுவோபுஷிக்கு முதலிடம் ககோஷிமா மாவட்டத்தின் மகுராசாகி. கியூஷு தீவின் தெற்குக் கடைசியில், ரயில் தண்டவாளம் முடிந்துபோகும் துறைமுக ஊர். ககோஷிமா நகரிலிருந்து இபுசுகி வழியாக மெதுவாகப் போகும் அந்த ரயிலில், ஒரு பக்கம் கடலும் இன்னொரு பக்கம் கூம்பாக நிற்கும் காய்மோன் எரிமலையும் தெரியும். இபுசுகியில் இறங்கி, கடற்கரை மணலில் வெந்நீர் ஊற்றின் சூட்டில் கழுத்துவரை புதைந்து கிடந்தோம். மகளுக்கு அது பிடித்துப்போய், எழுந்து வர மறுத்துவிட்டாள்.

மகுராசாகியில் இறங்கியதும் காற்றிலேயே புகை வாசனை. ஒரு பட்டறையில் வேலையைப் பார்க்க அனுமதித்தார்கள். மீனைத் துண்டாக்கி, தட்டுகளில் அடுக்கி, கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழான சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அவிக்கிறார்கள். ஆறியதும் முள்ளை எடுப்பது முழுக்கக் கைவேலை. பெண்கள் வரிசையாக நின்று, சின்ன இடுக்கியால் ஒவ்வொரு முள்ளாக உருவிக்கொண்டிருந்தார்கள். பேச்சுச் சத்தம் நிற்கவில்லை, கையும் நிற்கவில்லை. எங்கள் ஊர்க் கருவாட்டுக் கொட்டகைப் பெண்களை அங்கே பார்த்த மாதிரி இருந்தது. அப்புறம் ஓக் போன்ற வன்மரக் கட்டைகளை எரித்துப் புகையிடுகிறார்கள். புகையிடுவதும் ஆறவிடுவதுமாக இது பல முறை நடக்கும். சாதாரண வகை இத்தோடு தயார். உயர்ந்த வகைக்கு, மேல்பரப்பைச் சீவிவிட்டு, நல்ல பூசணத்தை ஏறவிட்டு வெயிலில் காயவைத்து, மறுபடி பூசணம், மறுபடி வெயில் என்று மாதக்கணக்கில் வேலை. பூசணம் மீனுக்குள் மிச்சமிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும், கொழுப்பையும் குறைக்கும். சாறு தெளிவாக இறங்குவது அதனால்தான். கடைசியில் கையில் கொடுத்த துண்டுகள் இரண்டையும் ஒன்றோடொன்று தட்டினேன், வைரம்பாய்ந்த மரக்கட்டையாக ‘டங்’ என்றது.

அந்தப் பக்கத்து எளிய பதார்த்தம் ஒன்று உண்டு, சாபுஷி. கிண்ணத்தில் ஒரு பிடி கட்சுவோபுஷிச் சீவல், கொஞ்சம் மிசோ, நறுக்கிய வெங்காயத்தாள், அதன்மேல் சூடான பச்சைத் தேநீர். அவ்வளவுதான். களைத்துப்போனவர்களுக்கும் உடம்பு சரியில்லாதவர்களுக்கும் கொடுப்பார்களாம். நான் இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கினேன். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து ககோஷிமாவின் சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சுடச்சுடச் சாப்பிட்டார். தான் தொடாத ஒன்றுக்காக அவ்வளவு தூரம் வந்து, பட்டறையில் என்னைவிட அதிகம் கேள்வி கேட்டவர் அவர்.

அவருக்கான பயணம் கோயாசான். வகயாமா மாவட்டத்தில் உள்ள மலை. ஒசாகாவின் நம்பாவிலிருந்து நன்காய் ரயிலில் கோகுராகுபாஷி வரை போய், அங்கிருந்து செங்குத்தான இழுவை ரயிலில் ஏறவேண்டும். 816-இல் பேரரசர் சாகா இந்த மலையைக் கூகாய் என்ற துறவிக்குக் கொடுத்தார். சீனா சென்று மந்திரமார்க்க பௌத்தத்தைக் கற்றுவந்து, ஷிங்கோன் பிரிவைத் தொடங்கியவர் அவர். இன்று மலைமேல் நூற்றுக்கும் மேற்பட்ட கோயில்கள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவை பயணிகளுக்கு அறை கொடுக்கின்றன.

அங்கே சாப்பாடு ஷோஜின் ரியோரி, துறவிகளின் சைவம். இறைச்சி, மீன் மட்டுமல்ல, வெங்காயம், பூண்டும் கிடையாது. மாலை ஐந்தரை மணிக்கே சிவப்பு அரக்குப் பூசிய சின்னப் பீடங்களில் கொண்டுவந்து வைத்தார்கள். எள்ளை அரைத்துப் பாலெடுத்து, குசு கிழங்கு மாவுடன் கிளறி உறையவைத்த எள் தோஃபு. சோயாத் தோஃபுவைக் குளிரில் உறையவைத்து உலர்த்திய கோயா தோஃபு. மலைக்கீரை, காளான், மாவில் தோய்த்துப் பொரித்த தெம்புரா. சாறு முழுக்கக் கொம்பு என்னும் கடற்பாசியிலும் உலர்ந்த ஷிடாகே காளானிலும் எடுத்தது. என் கணவர் எதையும் விசாரிக்காமல், எதையும் ஒதுக்காமல், கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன். ஜப்பானுக்கு வந்த பிறகு அதுவே முதல் தடவை. வெங்காயம் பூண்டு சேர்க்காத என் அத்தையின் விரதச் சமையலை அவர் நினைத்துக்கொண்டார், இரவே ஊருக்குப் போன் செய்து ஒவ்வொரு பதார்த்தமாகச் சொன்னார்.

அந்தக் கொம்புச் சாற்றின் சுவையை ஆராய்ந்துதான் 1908-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கிகுனே இகேதா, அந்தச் சுவையைத் தரும் குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். மறு ஆண்டே அது அஜினோமோட்டோ என்ற பெயரில் கடைக்கு வந்தது. நம் ஊரில் அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. அதன் தொடக்கம் ஒரு கடற்பாசி என்று அத்தையிடம் சொன்னபோது அவர்கள் நம்பவே இல்லை.

காலையில் ஆறு மணிக்குப் பூசை. தீ வளர்த்துச் செய்யும் சடங்கும் மந்திர ஒலியும் நமக்கு அந்நியமாகவே இல்லை. கல்லறைகளில் இருக்கும், சமஸ்கிருத மந்திரங்களை எழுதும் சித்தம் எழுத்துகளும் பிராமியின் கிளைதான், நம் தமிழெழுத்தும் பிராமி வழி வந்ததுதான். ஓகுனோயின் என்ற அடக்கவெளியில், வானளாவிய ஊசியிலை மரங்களுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் நடந்தோம், இரு பக்கமும் இரண்டு லட்சத்துக்கு மேல் கல்லறைகள். அதன் கடைசியில் கூகாய் 835 முதல் தியானத்தில் அமர்ந்திருப்பதாக நம்புகிறார்கள். ஜீவசமாதி என்றால் நமக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கும் பத்தரைக்கும் துறவிகள் அவருக்குச் சாப்பாடு சுமந்து போகிறார்கள். போகும் வழியில் ருசி பார்க்கும் ஜிசோ என்ற போதிசத்துவர் ஒருவர் சின்னச் சன்னதியில் இருக்கிறார், அவரிடம் காட்டிவிட்டுத்தான் மேலே போவார்கள். ஏறக்குறைய 1200 ஆண்டுகளாகச் சமைத்து எடுத்துச் செல்கிற அந்த அக்கறை என்னை உலுக்கிவிட்டது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1872 வரை இந்த மலைக்குள் பெண்களுக்கு அனுமதி இல்லை. நுழைவாயில்களில் இருந்த பெண்கள் மண்டபங்களில் தங்கி, வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டுப் போகவேண்டும். அந்த மண்டபங்களில் மிஞ்சி நிற்பது ஒன்றே ஒன்று, நியோனின்தோ. மகளை அங்கே கூட்டிப்போய் அதைச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன்.

கியோத்தோவில் ஒரு நாள்தான் இருந்தோம். கியோன் பக்கத்தில் 1617 முதல் நடக்கும் கமேயா கியோனாகா கடையில் ‘கான்கிதான்’ வாங்கினோம். சிவப்புப் பயற்றுப் பூரணத்தில் வாசனைப் பொடிகள் சேர்த்து, மாவில் சுருக்குப்பை மாதிரி மடித்து, நல்லெண்ணெயில் பொரித்தது. பௌத்தத்தோடு வந்த பிள்ளையார் இங்கே கான்கிதென். அவருக்கும் படைக்கும் பண்டம் இது. நம் மோதகம் கடல் கடந்து இந்த உருவம் எடுத்திருக்கிறது. அசாகுசாவில் மட்சுசியாமா ஷோதென் என்ற கோயிலிலும் அவர்தான் இருக்கிறார், அங்கே படையல் வெள்ளை முள்ளங்கி. ஜனவரி 7 அன்று முள்ளங்கியை வேகவைத்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். இப்போது பிள்ளையார் சதுர்த்திக்கு எங்கள் வீட்டில் கொழுக்கட்டைக்குப் பக்கத்தில் ஒரு முழு முள்ளங்கியும் இருக்கும், அது மகளின் ஏற்பாடு.

வீட்டுச் சமையலிலும் இரண்டு சாறுகள் வந்துவிட்டன. கொம்பை இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் கொதிக்கும் முன்னால் எடுத்துவிடுவேன். அந்தச் சாற்றில் செய்யும் மிசோ சூப் மூவருக்கும் பொது. எனக்கும் மகளுக்கும் மட்டும் பிறகு கட்சுவோ சேரும். ஊறிய கொம்பை நறுக்கிச் சோயா சாஸிலும் எள்ளிலும் சுண்டவைத்தால், மோர்சாதத்துக்கு அருமையான தொடுகறி.

அடுத்து ஹொக்கைதோ. ஜப்பானின் கொம்புவில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. ஜூலையில் அறுவடை தொடங்கினால், ஹிதாகா கடற்கரையில் கூழாங்கற்கள்மேல் நீளநீளமாக விரித்து, வெயில் இருக்கும்போதே காயவைத்து எடுத்துவிடுவார்கள், அந்த வேலைக்குக் குடும்பமே இறங்குமாம். மகளுக்குக் கோடை விடுமுறை அப்போதுதான் தொடங்கும். இந்த முறை ஆசை என் கணவருடையது, விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.