ஹூஸ்டன் குளிரும் ஈழத்தலரியும்: கராஜில் கழியும் மாதங்கள்

நவம்பர் பாதியைத் தாண்டிவிட்டால் எங்கள் கார் தெருவில் நிற்கும். கராஜில் அதன் இடத்தை ஈழத்தலரித் தொட்டிகள் பிடித்துக்கொள்கின்றன. இங்கே நர்சரிகளில் பிளுமேரியா என்று கேட்டால்தான் தெரியும். ஹூஸ்டனின் மேற்குப் புறநகரில் கோடை ஏறக்குறைய தஞ்சாவூர்க் கோடைதான். மே முதல் செப்டம்பர் வரை வெயிலும் புழுக்கமும் போட்டி போடும். செடிக்கு ஒரு குறையும் இருக்காது. சிக்கல் எல்லாம் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான். அப்போதும் பல நாட்கள் இதமாகவே இருக்கும். திடீரென்று வடக்கிலிருந்து ஒரு காற்று இறங்கும். மதியம் அரைக்கைச் சட்டையோடு நின்ற முற்றத்தில் மறுநாள் விடியலில் வாளித் தண்ணீர் உறைந்து கிடக்கும். ஈழத்தலரி 10 டிகிரி செல்சியஸ் அளவிலேயே வளர்ச்சியை நிறுத்திவிடும். உறைநிலையைத் தொட்டால் கிளை நுனி கறுக்கும். அதற்குக் கீழே சில மணி நேரம் போனால் தண்டு கூழாகிவிடும்.

என்னிடம் இருப்பவற்றில் பாதிக்கு மேல், பக்கத்து வீட்டு வியட்நாமியப் பாட்டி வேலிக்கு மேலாக நீட்டிய போத்துகளிலிருந்து, அதாவது நடுவதற்கு வெட்டிய கிளைகளிலிருந்து, வந்தவை. அவரும் நானும் பேசிக்கொள்ளப் பொதுமொழி அதிகம் இல்லை. போத்தைக் கையில் கொடுக்கும்போதெல்லாம் விரலை ஆட்டி, தண்ணீர் கூடாது என்பதை மட்டும் சொல்வார். இந்தச் செடியைப் பற்றி நான் பிறகு படித்ததில் பெரும்பகுதி அந்த விரலாட்டலுக்கு எழுதப்பட்ட விளக்கவுரைதான்.

முருங்கைப் போத்து நட்டவர்களுக்குக் கை தானாகவே வேலை செய்யும்; இதற்குக் கூடுதலாகத் தேவைப்படுவது பொறுமை. பச்சையாக இருக்கும் இளங்கிளை ஆகாது. சாம்பல் நிறப் பட்டை ஏறிய கிளையாக ஒரு அடி, ஒன்றரை அடி நீளத்துக்கு வெட்ட வேண்டும். இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். வெட்டிய இடத்திலிருந்து வெள்ளைப் பால் வடியும். தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், கண்ணில் பட்டால் கேட்கவே வேண்டாம். பால் நின்று வெட்டுவாய் காய்ந்து கெட்டியாகும் வரை, ஒன்றிரண்டு வாரம் நிழலில் சாய்த்து வைக்கிறேன். பிறகு நீர் தேங்காமல் வடியவைக்கும் பெர்லைட் பாதியும் தொட்டிமண் பாதியும் கலந்த கலவையில் மூன்று நான்கு அங்குலம் ஆழத்துக்கு ஊன்றி, ஆடாமல் குச்சி கட்டி, ஒரே ஒருமுறை தண்ணீர் விடுவேன். நல்ல இலை விரியும் வரை அடுத்த தண்ணீர் கிடையாது. நுனியில் துளிர் தலைகாட்டியதுமே வேர் வந்துவிட்டது என்று நம்பக் கூடாது. தண்டில் சேர்த்து வைத்திருக்கும் ஈரத்தைக் கொண்டே அது துளிர்விடும். மண் சூடாக இருந்தால் வேர் சீக்கிரம் இறங்குகிறது. மார்ச்சில் ஊன்றும் போத்துகளுக்கு அடியில், நாற்றுத் தட்டுக்கு வைக்கும் மின்சூட்டுப் பாயை விரிக்கிறேன். மே மாதத்தில் ஊன்றினால் அதுவும் வேண்டாம்.

இனி குளிர்காலம். ஒரே குளிர்காலத்தில் வெவ்வேறு செடிகளை வெவ்வேறு விதமாக வைத்துப் பார்த்தேன்.

வரவேற்பறை ஜன்னலோரம் முதலில். வெளிச்சம், வீட்டுக்குள் இதமான சூடு, வாரம் ஒரு கிண்ணம் தண்ணீர் என்று ராஜ உபசாரம். இலை உதிரவில்லை, ஆனால் வந்த புது இலைகளெல்லாம் வெளிறி நீண்டு, ஜனவரியில் செஞ்சிலந்தி ஏறிவிட்டது. வீட்டு ஹீட்டரின் வறண்ட காற்று அந்தப் பூச்சிக்கு விருந்து. இலைக்கு அடியில் மெல்லிய வலை பின்னி, பக்கத்தில் இருந்த கறிவேப்பிலையையும் சேர்த்து ஒரு கை பார்த்தது. என் மனைவி ஈழத்தலரியை மன்னித்துவிட்டாள், கறிவேப்பிலைக்காக என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

கராஜில் வைத்தவற்றுக்கு அக்டோபர் கடைசியிலேயே தண்ணீரைக் குறைத்து, உள்ளே போகும் நாளில் முற்றிலும் நிறுத்திவிட்டேன். இலை மஞ்சளாகி உதிர்ந்தது. உதிராததைக் காம்பில் அரை அங்குலம் விட்டு வெட்டினேன். காம்பு பிறகு தானாகவே விழும். மொட்டைக் குச்சிகளாக இருட்டில் நின்றன. பிப்ரவரியில் தண்டின் தோல் சுருங்கிப் பார்க்கவே பாவமாக இருந்தது. சுருக்கம் பயப்பட வேண்டியதில்லை. கட்டைவிரலால் அமுக்கும்போது கெட்டியாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. விரல் உள்ளே போனால் அழுகல்.

தரையில் நட்டிருந்த ஒன்றைத் தோண்டி எடுத்து, மண்ணை உதறி, வேரைச் செய்தித்தாளில் சுற்றி, வீட்டுக்குள் அலமாரியின் அடித்தட்டில் படுக்கப்போட்டேன். மாதக்கணக்கில் மண்ணே இல்லாமல் கிடந்தது. மார்ச்சில் தொட்டியில் வைத்தபோது மற்றவற்றைவிட முந்திக்கொண்டு துளிர்த்தது.

இதற்குக் காரணம் செடியின் பூர்வீகத்தில் இருக்கிறது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள் ஆகியவை அதன் சொந்த மண். மழையில்லாத மாதங்களில் இலையை உதிர்த்துவிட்டு, தடித்த தண்டில் சேமித்த நீரோடு அது காத்திருக்கும். நம் ஊர்க் கோயில் வளாகங்களிலும் மழை ஓய்ந்த பிறகு மொட்டையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கண்டு பதறி யாரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. நான் கராஜில் உண்டாக்குவது ஒரு செயற்கைக் கோடை வறட்சி, அவ்வளவுதான். உறையாத இடம் ஒன்று கிடைத்துவிட்டால் அதற்கு மேல் சூடு தேவையில்லை, வெளிச்சமும் தேவையில்லை. ஈரம்தான் எமன். குளிர்ந்த ஈர மண்ணில் உறங்கும் வேர் தண்ணீரைக் குடிக்காது, அழுகும்.

வெளியிலேயே விட்டுக் காப்பாற்றும் முறையும் இங்கே உண்டு. செடியைச் சுற்றி அந்தக் காலத்து இழை பல்பு போட்ட கிறிஸ்துமஸ் விளக்குச் சரத்தைச் சுற்றி, மேலே துணியைத் தரை வரை போர்த்தி, ஓரத்தில் செங்கல் வைப்பார்கள். தரையின் சூடு உள்ளேயே தங்கும். எல்.இ.டி. சரம் அழகாக எரியும், சூடு தராது. பிளாஸ்டிக் தாளை நேரடியாகப் போர்த்தினால் அது தொடும் இடமெல்லாம் கருகும். லேசான உறைபனி இரவுகளுக்கு இந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது.

பிப்ரவரி 2021 எல்லாக் கணக்கையும் கலைத்தது. 16ஆம் தேதி காலை ஹூஸ்டனில் மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. டெக்சாஸ் முழுக்க இலட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் இல்லை; எங்கள் தெருவும் இருட்டில் கிடந்தது. விளக்குச் சரம் வெறும் கயிறாகிவிட்டது. குடிக்கும் தண்ணீருக்கே அல்லாடிக்கொண்டிருந்தபோது செடியை யார் நினைப்பது? சில வாரங்கள் கழித்துத்தான் முழுக்கணக்கு தெரிந்தது. கராஜின் தகரக் கதவை ஒட்டி நின்றவை நுனியிலிருந்து ஒரு அடிக்கு மேல் போய்விட்டன. சமையலறைச் சுவரோடு சேர்ந்து நின்றவற்றுக்குக் கீறல்கூட இல்லை. அலமாரிச் செடிகள் வழக்கம்போல் உறங்கின. வெளியே போர்த்தி வைத்திருந்தது தரைக்கு மேல் முழுவதும் கூழாயிற்று. மே மாதத்தில் அடியிலிருந்து ஒரு குருத்து வந்தது.

அதிலிருந்து தொட்டிகளை உட்சுவரோடு ஒட்டி, சிமெண்ட் தரையில் படாமல் பலகை மேல் வைக்கிறேன். உறைந்த கிளையை உடனே வெட்டுவதில்லை. அழுகல் எங்கே நிற்கிறது என்பது தெரிய நாளாகும். தெரிந்த பிறகு, ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டே போக வேண்டும். நடுவில் பழுப்பு தெரிந்தால் இன்னும் கீழே. வெட்டு முழுதும் வெண்மையாகிப் பால் துளிர்க்கும் இடத்தில் நிறுத்தலாம். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைப்பது அலுப்பான வேலை, ஆனால் தவிர்க்க முடியாதது.

ஹூஸ்டனை அடுத்த பேர்லண்ட் மீனாட்சி கோயிலில் பழக்கமான ஒரு தம்பி ஒவ்வொரு மார்ச் மாதமும் கைப்பேசிப் படத்தைக் காட்டி, “அண்ணா, இது பட்டுப்போய்விட்டதா?” என்று கேட்பார். நான் அமுக்கிப் பார்க்கச் சொல்வேன். படத்தை அமுக்க முடியாதே!

இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகாத நிலை வந்ததும் வெளியே எடுக்கிறேன். இங்கே அது பெரும்பாலும் மார்ச் கடைசி. முதல் வாரம் மரநிழல், பிறகு காலை வெயில், அப்புறம்தான் முழு வெயில். மாதக்கணக்கில் இருட்டில் இருந்த பட்டை மேற்கு வெயிலில் வெந்துபோகும். நுனியில் நகம் போல் துளிர் நீண்டதும் முதல் தண்ணீர். இலை விரிந்த பிறகு தாராளமாக.

உரத்தைப் பற்றி இங்கே ஆளுக்கொரு மதம். பாஸ்பரஸ் கொட்டிக் கிடக்கும் 10-50-10 உரம் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் ஆகியவற்றின் அளவுகள்) போட்டால்தான் பூக்கும் என்று பழைய ஆட்கள் சத்தியம் செய்கிறார்கள். நான் மெல்ல மெல்லக் கரையும் சாதாரண உரத்தை மட்டும் போட்டுப் பார்த்ததில் பூவில் குறை தெரியவில்லை. ஆறு மணி நேர நேரடி வெயில் இல்லாத தொட்டி எந்த உரத்துக்கும் மசிவதில்லை. ஆகஸ்டில் இலையடியில் ஆரஞ்சுப் பொடியாக வரும் துரு நோய்க்கும் நான் மருந்து தேடுவதில்லை. உதிர்ந்த இலையைக் கூட்டிக் குப்பையில் போடுகிறேன். எப்படியும் இலையெல்லாம் விழப்போகிற காலம்தான்.

செடி வாங்குகிறவர்கள் பெயரைக் கேட்டு வாங்குங்கள். ஹவாயில் மாலை கட்டும் மஞ்சள் ‘செலடைன்’ முரட்டுச் செடி. எலுமிச்சை வாசத்தோடு எந்த அலட்சியத்தையும் தாங்குகிறது. 1979இல் இதே ஹூஸ்டனில் தொடங்கிய பிளுமேரியா சொசைட்டி ஆஃப் அமெரிக்கா கோடையில் நடத்தும் விற்பனைக்குப் போனால் பெயர் எழுதிய வேர்விட்ட செடிகளே கிடைக்கும். வெள்ளை ‘சிங்கப்பூர்’ மட்டும் வேறு சாதி. இலை உதிர்த்து உறங்கவே அதற்கு மனம் வராது. கராஜ் வறட்சியில் வைத்தது அடியிலிருந்து அழுகிப்போனது. இப்போது பாட்டியிடமிருந்து இன்னொரு போத்து வாங்கி வேர்விட வைத்திருக்கிறேன். இந்தக் குளிருக்கு அதை மட்டும் வீட்டுக்குள், மின்சூட்டுப் பாயின் மேல், வளர்ப்பு விளக்கின் அடியில், மாதம் இரண்டு கிண்ணம் தண்ணீரோடு வைத்துப் பார்க்கப்போகிறேன். கறிவேப்பிலை வேறு அறைக்குப் போகிறது.