மக்காச்சோளத்துக்குள் மஞ்சள்

மஞ்சளில் இருக்கும் குர்க்குமின் தண்ணீரில் கரைவதே அபூர்வம். விழுங்கினால் பெரும்பகுதி ரத்தத்தில் சேராமலேயே வெளியேறிவிடும். அதைச் சுமந்து போகத்தான் மக்காச்சோளப் புரதமான ஸீனை ஆய்வாளர்கள் பிடித்திருக்கிறார்கள். 1821-லேயே பிரித்தெடுத்த புரதம். மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேல்பூச்சாக ரொம்ப நாளாகப் புழங்குகிறது.

இதன் குணம் விசித்திரம். தனித் தண்ணீரிலும் கரையாது, தனி ஆல்கஹாலிலும் கரையாது. இரண்டும் கலந்தால் கரையும். 70, 80 சதவீத எத்தனாலில் ஸீனையும் குர்க்குமினையும் கரைத்து, வேகமாகச் சுழலும் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். ஆல்கஹால் தண்ணீரோடு கலந்துவிட, போக்கிடமில்லாத புரதம் குர்க்குமினையும் உள்ளே இழுத்துக்கொண்டு சுருண்டுவிடும். கண்ணுக்குத் தெரிவது மஞ்சள் போட்ட பால் மாதிரி ஒரு கலங்கல். உள்ளே மிதப்பவை நூறு, இருநூறு நானோமீட்டர் உருண்டைகள். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

சரி, சிக்கல்? கலங்கலின் பி.எச். (அமில-கார அளவு) 6-ஐ ஒட்டி வந்தால் மின்சுமை போய், உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தடுக்க மேலே சோடியம் கேசினேட் பூசுவதுண்டு. அது பால் புரதம்! 'முழுக்கத் தாவரம்' என்று விளம்பரம் செய்ய நினைப்பவர்கள் பாடு திண்டாட்டம். கோதுமைப் புரதமான கிளையடினும் ஸீனின் வேலையைச் செய்யும், ஆனால் கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிக்கு ஆகாது.

புரதத்தில் மருந்தைச் சுமப்பது புதிதல்ல. மனித ரத்தப் புரதமான ஆல்புமினில் பேக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்தைக் கட்டிய அப்ராக்ஸேன் 2005-லேயே அமெரிக்காவில் அனுமதி வாங்கிவிட்டது. அது ரத்தக்குழாயில் ஏற்றும் மருந்து. தாவரப் புரதத்தை அப்படி ஏற்றினால் நோய் எதிர்ப்பு மண்டலம் சும்மா விடும் என்று நம்ப முடியாது. வாய்வழி மருந்துக்குத்தான் ஸீன் சரிப்படும் என்பேன்.