முழு நிமிஷமும் எண்ணு

பாப்பா பிறந்து மூணாவது நாள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அன்றைக்கு ராத்திரி ஒன்றரை மணிக்கு மூச்சு புசுபுசுவென்று ஓடியது, அப்புறம் சட்டென்று நின்றது. நானும் மூச்சை நிறுத்திவிட்டேன். திரும்ப ஓட ஆரம்பித்தது.

நான் பார்ப்பது கணக்கு வேலை. போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து 15 நொடி எண்ணினேன்: 18. நாலால் பெருக்கினால் 72. மறுபடி எண்ணினால் 6, அதாவது 24. ஒரே குழந்தை, ஒரே தொட்டில், எதுவும் டேலி ஆகவில்லை. ஹாலில் படுத்திருந்த பெரியம்மாவை எழுப்பினேன். முப்பது வருஷம் கிராமத்து நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர்.

கொண்டையை முடிந்துகொண்டே வந்து, பாப்பாவின் சட்டையை லேசாகத் தூக்கினார். "நெஞ்சை ஏன்டா பாக்குற? பச்சப்புள்ள வயித்தாலதான் மூச்சு விடும். வயிறு ஏறி இறங்குனா ஒண்ணு. பெருக்குற வேலையெல்லாம் ஆபீஸ்ல வச்சுக்க, இங்க முழு நிமிஷமும் எண்ணு."

எண்ணினோம். 46.

30லிருந்து 60க்குள் இருந்தால் சரியாம். கொஞ்ச நேரம் வேகமாக விட்டு, அஞ்சு பத்து நொடி நிறுத்தி, திரும்ப விடுவது இந்த வயசின் வழக்கம். அதனால்தான் என் கால் நிமிஷக் கணக்கு ஒருமுறை வேகத்தில் மாட்டியது, ஒருமுறை இடைவெளியில். தூங்கும்போது எண்ணியும் 60க்கு மேல், திரும்ப எண்ணினாலும் அப்படியே, விலாவுக்குக் கீழே குழி விழுகிறது, முனகுகிறது, 20 நொடி மூச்சே இல்லை, உதடோ நாக்கோ நீலமாகிறது, பால் குடிக்க மாட்டேன் என்கிறது – இதில் ஏதாவது ஒன்று இருந்தால் பெரியம்மாவை எழுப்பக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிக்குத்தான்.

பாதம் ஜில்லென்று லேசாக நீலம் பாய்ந்திருப்பதையும் காட்டினேன். "காலு பொய் சொல்லும், வயித்தத் தொட்டுப் பாரு" என்றார். வயிறு கதகதப்பாக இருந்தது. அக்குளில் தெர்மாமீட்டர் 98.2 காட்டியது. 97.7க்கும் 99.5க்கும் நடுவில் இருக்க வேண்டும். நமக்குக் குளிர்ந்தால் உடம்பு நடுங்கிச் சூடாகிவிடும். இதுகளுக்கு நடுங்கத் தெரியாது. பிடரியிலும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் இருக்கும் ஒரு பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடு. குறைந்தால் சட்டையைக் கழற்றி அம்மாவின் நெஞ்சோடு சேர்த்துப் போட்டு, மேலே போர்த்த வேண்டும். கூடினால் சுற்றியிருக்கும் துணியைக் குறைத்துவிட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும். அப்பவும் இறங்கவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திருக்கவோ கையில் கிடைத்த சொட்டு மருந்தைக் கொடுக்கவோ கூடாது.

நாடித்துடிப்பு 120லிருந்து 160. அழுதால் 180 வரைக்கும் போகும், அசந்து தூங்கினால் 100க்குக் கீழேயும் வரும். என் வாட்ச் எனக்கு 104 காட்டியது. பெரியம்மா அதை எட்டிப் பார்த்தார். "டாக்டரக் கூப்பிட வேண்டியது உனக்குத்தான்."

இதெல்லாம் டிஸ்சார்ஜ் தாளிலேயே இருந்தது: மூச்சு 48, துடிப்பு 138. படிக்காமல் பில்லோடு சேர்த்து ஃபைல் பண்ணியிருந்தேன். கூடவே எடையும். பிறந்தபோது 2.9 கிலோ, கிளம்பும்போது 2.74.

"பெரியம்மா, 160 கிராம்..."

"எல்லாப் புள்ளைக்கும் குறையும்டா. பத்துல ஒரு பங்குக்கு மேல போனாதான் பாக்கணும். ரெண்டு வாரத்துல திரும்பிடும். லைட்ட அணை."