50×17: ஊட்டிச் சாலைகளுக்கு ஒரு டைம் ட்ரையல் கியர் அமைப்பு

ஒவ்வொருவராகத் தனித்தனியே நேரத்தை எதிர்த்து ஓட்டும் பந்தயம் டைம் ட்ரையல். அதற்கான தொழில்முறை வீரர்களின் சைக்கிள்களில் முதலில் கண்ணில் படுவது, பெடலோடு சுழலும் முன்பக்கப் பற்சக்கரமான செயின் ரிங்தான். 58, 60 பற்கள் கொண்ட ரிங்குகள் இன்று அங்கே சாதாரணமாகிவிட்டன. என்னோடு சேர்ந்து ஓட்டும் கோத்தகிரித் தம்பி ஒருவர் அத்தகைய படத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இவ்வளவு பெரிய ரிங்கை மிதிக்க அவங்க தொடை எப்படித் தாங்குது?" என்று கேட்டார். அதற்குக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பதில் சொல்ல உட்கார்ந்ததுதான், என்னுடைய ரோடு சைக்கிளில் ஏரோ பார் (குனிந்து முழங்கைகளை ஊன்றி ஓட்ட உதவும் கைப்பிடி) பொருத்தி, ஊட்டிச் சாலைகளில் தனியாக நேரம் பார்த்து ஓட்டுவதற்கென்றே ஒரு கியர் அமைப்பை உருவாக்கும் வேலையாக வளர்ந்தது.

கணக்கு எளியது. முன் பற்களின் எண்ணிக்கையைப் பின் பற்களின் எண்ணிக்கையால் வகுத்துச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது சைக்கிள் எவ்வளவு தூரம் நகரும் என்பது கிடைத்துவிடும். 25 மி.மீ. டயர் போட்ட என் சக்கரத்தின் சுற்றளவு 2.11 மீட்டர். மணிக்கு 54 கி.மீ. வேகத்தில், நிமிடத்துக்கு 95 சுற்று மிதிக்கும் வீரருக்கு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 9.5 மீட்டர் தேவை. 54 பல் ரிங்கில் அதைப் பெறச் செயின் பின்னால் 12 பல்லில் ஓட வேண்டும். 63 பல் ரிங்கில் 14 பல்லில் ஓடினால் போதும். இரண்டின் விகிதமும் 4.5 என்பதால் தொடைக்கு இரண்டும் ஒரே சுமைதான். வேறுபாடு செயினுக்குத்தான்: 12 பல்லில் ஏறி இறங்கும் ஒவ்வொரு கண்ணியும் 30 பாகை மடங்க வேண்டியிருக்க, 14 பல்லில் அது 26 பாகைக்கும் குறைவாகிறது. மடக்கம் குறையக் குறைய உராய்வில் வீணாகும் உழைப்பும் குறைகிறது. செயின், பின்பக்கப் பற்சக்கரத் தொகுப்பான கேசட்டின் ஓரத்தை விட்டு நடுப்பக்கம் வருவதால் அதன் சாய்வும் குறைகிறது. 2022 அக்டோபர் 8 அன்று சுவிட்சர்லாந்தின் கிரென்ஹன் நகரில் இத்தாலிய வீரர் ஃபிலிப்போ கன்னா ஒரு மணி நேரத்தில் 56.792 கி.மீ. ஓட்டிச் சாதனை படைத்தபோது அவர் பயன்படுத்தியது 65×14, அதாவது முன்னால் 65 பல், பின்னால் 14 பல். அந்த வேகத்துக்கு அவருடைய மிதிவேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 97 சுற்று என்று கணக்கிடலாம். அது நல்ல பயிற்சியுள்ள எவருடைய காலும் சுழலக்கூடிய வேகம்தான்.

ஆகவே அவர்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது பெரிய ரிங்கை அன்று, அதைத் தேர்ந்தெடுக்கும் முறையை. நாம் உண்மையில் அதிக நேரம் ஓட்டும் வேகம் எதுவோ, அந்த வேகத்துக்கான கியர் கேசட்டின் நடுவில் அமைய வேண்டும். தலைக்குந்தாவிலிருந்து கூடலூர் சாலையில் 6-வது மைல், 9-வது மைல் வழியாகப் பைக்காரா வரை செல்லும் ஏற்ற இறக்கமான பாதைதான் என்னுடைய ஓட்டக்களம். அதன் சமமான பகுதிகளில் என் வேகம் மணிக்கு 32 கி.மீ.; எனக்கு ஒத்துவரும் மிதிவேகம் 85, 86. சைக்கிளோடு வந்தவை 50, 34 பற்கள் கொண்ட இரு முன் ரிங்குகளும் (50/34), 11 முதல் 32 பல் வரையிலான கேசட்டும் (11–32). அந்தக் கேசட்டில் 14-க்குப் பிறகு 16, அதற்கடுத்து 18 என்று பற்கள் தாவுகின்றன, 17 கிடையாது. எனவே 32 கி.மீ. வேகத்தில் 16-இல் ஓட்டினால் மிதிவேகம் 81-க்கு இறங்கும், 18-இல் ஓட்டினால் 91-க்கு ஏறும். சாதாரணமாக உட்கார்ந்து ஓட்டும்போது இந்தப் பத்துச் சுற்று வேறுபாட்டை உடல் பொருட்படுத்துவதில்லை. முழங்கைகளைத் திண்டில் ஊன்றி, முதுகை மடக்கி, ஒரே நிலையில் நெடுநேரம் இருக்கும்போதோ, 81-இல் முழங்காலுக்கு மேலே கனம் ஏறுகிறது, 91-இல் இடுப்பு நிலைகொள்ளாமல் சீட்டின் முனையில் முன்னும் பின்னும் நகர்கிறது.

11–28 கேசட்டுக்கு மாற்றியதும் 50×17 கிடைத்தது. மிதிவேகம் 86-இல் நின்றது. பதினொரு சக்கரங்கள் கொண்ட அந்தக் கேசட்டில் 17 பல் சரியாக ஆறாவது, அதாவது நட்டநடு. பனிமூட்டத்தில் வண்டிகள் இல்லாத காலை நேரத்தில் அந்தச் சாலையிலுள்ள புல்வெளியான ஷூட்டிங் மட்டத்தைத் தாண்டும்போது, செயினின் கரகரப்பு அடங்கி டயரின் ஓசை மட்டும் கேட்பதை நான் மிகவும் விரும்புகிறேன். இந்த அமைப்பில் எனக்குக் கிடைத்த நன்மைகளில் இதையே முதலாவதாகச் சொல்வேன்.

அதே ஷூட்டிங் மட்டத்தில்தான் சக்கரத்தைப் பற்றிய முடிவும் எடுக்கப்பட்டது. பின்சக்கரத்தை முழுவதும் மூடிய டிஸ்க் வீலாகவும், முன்சக்கரத்தை ஆழமான ரிம் கொண்டதாகவும் தொழில்முறை வீரர்கள் வைத்துக்கொள்வது வழக்கம். பக்கவாட்டுக் காற்று பின்சக்கரத்தைத் தள்ளினால் சைக்கிள் மொத்தமாக அசையும், முன்சக்கரத்தைத் தள்ளினால் ஹேண்டில் பாரே திரும்பும் என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். தென்மேற்குப் பருவக்காற்று அந்தத் திறந்த புல்வெளிகளில் விட்டு விட்டு மோதும்போது 50 மி.மீ. ஆழமுள்ள முன் ரிம்மை நிலையாகப் பிடிக்க ஏரோ பாரிலிருந்து கைகளை எடுக்க வேண்டியிருந்தது. கையை எடுத்த நொடியிலேயே ரிம்மால் கிடைத்த நன்மையைவிட அதிகம் போய்விடுகிறது. எனவே பின்னால் 50 மி.மீ., முன்னால் 30 மி.மீ. என்று நிறுத்தியிருக்கிறேன்.

உயரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 1972-இல் ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓட்டிய சாதனைக்காக மெக்சிகோ நகரைத் தேர்ந்தெடுத்ததற்கு அங்குள்ள மெல்லிய காற்றே காரணம். அந்நகரமும் ஊட்டியும் ஏறத்தாழ ஒரே உயரத்தில், 2,240 மீட்டரில் இருக்கின்றன. கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்றின் அடர்த்தி இங்கே ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றுத் தடை குறைகிறது, அதேவேளை உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைகிறது. ஆகவே கோயம்புத்தூரில் ஓட்டும் ஒருவர் தம் கியர் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவராமல், இங்கேயே சில நாள் ஓட்டி, வேகத்தை அளந்து முடிவு செய்வது நல்லது.

இத்தனையும் பைக்காரா சாலைக்கு. தலைக்குந்தாவில் பிரியும் மற்றொரு சாலை, 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி மலைப்பாதை. மசினகுடிப் பக்கமிருந்து அதில் ஏறும்போது சரிவு பல இடங்களில் 10 விழுக்காட்டைத் தாண்டுகிறது. என் வேகம் 8 கி.மீ.க்கு இறங்கிவிடுகிறது. அந்த வேகத்தில் காற்றுத் தடையைப் பற்றிப் பேசுவதற்கே ஒன்றுமில்லை. 34×28-இல் மிதிவேகம் 52 தான். 34×34 இருந்தால் 63 கிடைக்கும்.

ஒரே பந்தயத்தில் இரு வகைச் சாலையும் வரும்போது என்ன செய்வது என்பதில் உலகின் முதன்மை வீரர்களிடையேயும் ஒரே விடை இல்லை. 2020 டூர் டி ஃபிரான்ஸில் லா பிளான்ஷ் தெ பெல் ஃபீய் ஏற்றத்தின் அடியில் பொகாச்சர் டைம் ட்ரையல் சைக்கிளை விட்டு ரோடு சைக்கிளுக்கு மாறி, பந்தயத்தில் முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டையைக் கைப்பற்றினார். அதே பந்தயத்தின் 2023 கோம்ப்ளூ ஓட்டத்தில் அவர் அதேபோல் மாறினார். மாறாமல் டைம் ட்ரையல் சைக்கிளிலேயே ஏறிய விங்ககோ 1 நிமிடம் 38 நொடி வேறுபாட்டில் வென்றார். 2025-இல் பெய்ராகூத் ஏற்றத்தில் பொகாச்சர் தொடக்கத்திலிருந்தே ரோடு சைக்கிளில் ஓட்டி வென்றார். எனக்கு இதில் நம் மலை ரயிலின் வழியே பிடித்திருக்கிறது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை, ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி உயரும் பாதையில், பல்சட்டத்தைப் பற்றி ஏறும் நீராவி எஞ்சின். சரிவு தணிந்தபின் குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின்.

இரண்டாவது சைக்கிள் வாங்க வசதியில்லாததால், பின்சக்கரத்தை மட்டும் இரண்டாக வைத்திருக்கிறேன்: 11–28 மாட்டிய 50 மி.மீ. சக்கரம் பைக்காராவுக்கு, 11–34 மாட்டிய எடை குறைந்த சக்கரம் கல்லட்டிக்கு. இதற்குச் செயினின் நீளத்தை 50×34-க்குப் போதுமாறு அளந்து வெட்ட வேண்டும். 28-க்கு அளந்த செயினோடு 34-ஐ மாட்டி, தவறிப் பெரிய ரிங்கில் போட்டுவிட்டால் டீரெய்லர் (செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் கருவி) பிய்ந்துவிடும். நீளக் கூண்டு கொண்ட பின் டீரெய்லரும் தேவை. சக்கரம் மாற்றும்போது பின் டீரெய்லரிலுள்ள பி-ஸ்க்ரூ என்னும் திருகைத் திருப்பி, அதன் மேல் உருளைக்கும் பெரிய பல்லுக்கும் இடையே இடைவெளியைச் சரிசெய்து கொள்கிறேன். ஏரோ பாரைக் கல்லட்டிக்குப் போகும்போது கழற்றிவிடுகிறேன். வளைவுக்கு அப்பால் பேருந்தோ காட்டுமாடோ நிற்கக்கூடிய சாலையில் கைகள் பிரேக்கின் மேல்தான் இருக்க வேண்டும்.

இப்போது பைக்காரா சாலையில் வேகம் மெல்ல உயர்ந்து வருகிறது. சமதளத்தில் 33.5 கி.மீ. நிலைபெற்றுவிட்டால், அதே 17 பல்லில் 86 சுற்றைத் தக்கவைக்க 52 பல் ரிங் போட வேண்டும். ஆனால் முன் டீரெய்லர் 16 பல் வேறுபாட்டுக்கு மேல் தாங்காது என்பதால், உள் ரிங் 34-இலிருந்து 36-க்கு மாற வேண்டியிருக்கும். அப்போது கல்லட்டியில் 34 பல்லிலேயே மிதிவேகம் 60-க்கு இறங்கும். அங்கே 8 கி.மீ. என்பது 8.5 ஆகும்வரை 50/34 தான்.